உப்புக்கு விட்ட இடம்

உப்பு எவ்வளவு என்று எழுதாமலே ஸ்பூன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

மற்றதெல்லாம் எழுதியிருந்தார். கீரை எத்தனை கைப்பிடி, எண்ணெய் எத்தனை ஸ்பூன், அடுப்பை எப்போது தணிப்பது, எல்லாம். உப்புக்கு நேராக மட்டும் புத்தகம் முழுக்கக் காலியிடம். அவருடைய கடைசிப் புத்தகம். 'இருவருக்கான சமையல்' என்று அட்டை வேறு அச்சாகி வந்துவிட்டது.

"'உப்பு தேவையான அளவு'ன்னு போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் பதிப்பக முதலாளி.

புரூஃப் ரீடருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள் ஸ்பூன் அம்மா ஆனதே எல்லாவற்றுக்கும் ஸ்பூன் கணக்குச் சொல்லி அந்த மூன்று சொல்லைச் சமையல் புத்தகத்திலிருந்து விரட்டியடித்ததால்தான். "தேவை எவ்வளவுன்னு தெரிஞ்சவ எதுக்குய்யா என் புத்தகத்தை வாங்கப் போறா?" என்று இதே மேஜையைத் தட்டிக் கேட்டவர். அவர் எழுதிய புத்தகங்கள் அத்தனைக்கும் பிழை பார்த்தது நம் புரூஃப் ரீடர்தான். மனிதருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் அந்த அம்மாளின் பெயருக்குத் தன்னால் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று உண்மையாகவே பயந்தார்.

"அப்ப நீரே நிரப்பும்," என்று முதலாளி கையைக் கழுவிக்கொண்டார்.

புரூஃப் ரீடர் வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டார்.

"ரெண்டு பேருக்குக் கீரைன்னா உப்பு எவ்வளவு போடுவே?"

"இவ்ளோ," என்று விரல்களைக் குவித்துக் காட்டினாள்.

"ஸ்பூன்ல சொல்லு."

"ஸ்பூனைப் பாத்துக்கிட்டா உங்களுக்கு இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன்?"

அளந்தே பார்த்துவிடலாம் என்று அடுப்படிக்குள் நுழைந்தவரிடமிருந்து ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு, ஆளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

வெளியே நின்றபோதுதான் அவருக்கு யோசனை உதித்தது. ஸ்பூன் அம்மாவின் பழைய புத்தகங்கள் இருக்கின்றனவே! அதே கீரை, அதே கிழங்கு. அங்கிருந்த உப்பை அப்படியே எடுத்து இங்கே வைத்தார். அந்த அம்மாளின் சமையலுக்கு அந்த அம்மாளின் உப்பு, இதில் என்ன பிசகிவிடப் போகிறது என்று நிம்மதியாக அச்சுக்கு அனுப்பினார்.

பழைய புத்தகங்களெல்லாம் பிள்ளைகுட்டியோடு கூடிய பெரிய குடும்பத்துக்கு எழுதியவை என்பது, புதுப் புத்தகம் கடைக்குப் போன பிறகு வந்த முதல் போனில்தான் உறைத்தது.

"ஏன் சார், இது சமையல் புத்தகமா, ஊறுகாய்ப் புத்தகமா?"

அவசர அவசரமாக ஒரு திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் செருகச் சொன்னார்: 'எல்லாக் குறிப்பிலும் உப்பை ஒரு ஸ்பூன் குறைத்துக்கொள்ளவும்.'

மறுபடி போன்.

"சூப்புக்குப் போட்டிருக்கிறதே அரை ஸ்பூன். அதுல ஒரு ஸ்பூனை எப்படி சார் குறைக்கிறது? கடன் வாங்கிக் கழிக்கவா?"

திட்டியவர்களைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஒரு பெண் திட்டவில்லை. "பாவம், கடைசிக் காலத்துல அந்த அம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சு போலிருக்கு," என்று இரக்கப்பட்டாள். 'அது நான்தாம்மா' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

முதலாளி பொறுமை இழந்து இன்னொரு சீட்டு அடிக்கச் சொன்னார். 'உப்பு தேவையான அளவு.' அதற்கும் அவர்தான் புரூஃப் பார்த்தார். ஒரு பிழைகூட இல்லை.

அந்தச் சீட்டு கடைக்குப் போன அதே வாரம் ஸ்பூன் அம்மாவின் கணவர் நேரில் வந்துவிட்டார். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். முதலாளிக்குத் திடீரென்று வெளியே ஏதோ தலைபோகிற வேலை வந்துவிட்டது.

பெரியவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார். மசித்த கிழங்கு.

"புத்தகத்தைப் பாத்து நானே பண்ணினேன். சாப்பிட்டுப் பாருங்க."

ஒரு வாய் போட்டதும் புரூஃப் ரீடரின் கண்ணில் நீர் முட்டியது. பாதி உப்பால், பாதி வெட்கத்தால்.

"ஐயா, அம்மா உப்பை மட்டும் எழுதாமப் போயிட்டாங்க. நான்தான் பழைய புத்தகத்துலேர்ந்து எடுத்துப் போட்டேன். அவங்க பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க."

பெரியவர் புத்தகத்திலிருந்த இரண்டு சீட்டையும் உருவி மேஜை மேல் வைத்தார். பிறகு டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்து, முகம் சுளிக்காமல் ஒரு வாய் சாப்பிட்டார்.

"இந்தச் சீட்டை மட்டும் இனிமே வைக்காதீங்க, தம்பி. பிள்ளைங்க வீட்டை விட்டுப் போனப்புறமும் அவ கை பழையபடிதான் உப்பை அள்ளிப் போட்டுது. ரெண்டு பேருக்கு எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் அவளுக்கே பிடிபடல, அதான் எழுதாம விட்டா," என்றார். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். "அவ போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் அவ சமையலைச் சாப்பிடுறேன்."