சூரியனைத் திட்டிய பெயிண்ட் பாய்

மரக்காணத்தில் சூரியனையே சோம்பேறி என்று திட்டக்கூடிய ஒரே மனிதர் பெயிண்ட் பாய்தான். துபாயிலிருந்து திரும்பிப் பெயிண்ட் கடை வைத்தவர். கடையில் சரக்கைவிடச் சண்டை அதிகம்.

சூரியனை வேலைக்கு இழுக்கும் யோசனை பிறந்ததும் ஒரு சண்டையில்தான். பாய் கலந்து கொடுத்த ரோஸ் டிஸ்டம்பர், வெயில் படும் சுவரில் மட்டும் வெளுத்துவிட்டது என்று ஒருவர் வந்து கத்தினார்.

"டிஸ்டம்பர்ல இருக்குற வெள்ளைப் பவுடரும் வெயிலும் சேர்ந்து சாயத்தத் தின்னுடுச்சுய்யா! அதுக்கு நான் என்னா..." என்று எகிறிய பாய், பாதியில் நின்று, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அவர் கடையில் வேலை பார்க்கும் என் பக்கம் திரும்பினார். "டேய் பி.எஸ்ஸி! அப்போ வாய்க்கால் சாயத்தையும் தின்னுமாடா?"

வாய்க்கால்தான் எங்கள் வயிற்றெரிச்சல். மேலே ஒரு சாயப்பட்டறை. அதன் கழிவு பாயின் உப்பளத்தில் பாய்ந்து, விளைந்த உப்பெல்லாம் ரோஸ். வியாபாரி தொட மறுத்துவிட்டார். இப்படியே போனால் உப்பளத்தை மூட வேண்டியதுதான். பட்டறை முதலாளியிடம் நியாயம் கேட்கப் போனோம்.

"இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரங்க இருக்காங்கல்ல? அவங்களுக்குப் பிடிச்ச ரோஸ் உப்புன்னு வித்துடுங்க" என்று சிரித்தான். அன்று எனக்கே கை துறுதுறுத்தது.

உரக்கடைத் துத்தநாக சல்பேட்டையும் சலவைச் சோடாவையும் தண்ணீரில் கரைத்தோம். படிந்த வெள்ளை மாவைக் காயவைத்துச் சுண்ணாம்புக் காளவாயில் வறுத்தால் துத்தநாக ஆக்சைடு, பெயிண்டில் போடும் அதே வெள்ளைப் பவுடர். கரைக்கும்போதே சிட்டிகை அன்னபேதி போடச் சொன்னேன். அதிலுள்ள இரும்பு கலந்தால் பவுடர் வெயிலை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று படித்திருந்தேன். பாய் கைநிறைய அள்ளிப் போட்டார். செங்கல் தூள் மாதிரி சிவப்பாகத்தான் வந்தது.

"இரும்புன்னா சத்துதானேடா! முன்னாடியே சொல்றதுக்கு என்னா?" திட்டு எனக்கு.

அடுத்த முறை முகப்பவுடரைவிட நைசாக, இளமஞ்சளாக வந்தது. சாயத்தண்ணீர் கட்டிய சின்னப் பாத்தியில் தூவினோம். உப்பளத்தில் கட்டிய தண்ணீரைக் கலக்குவது பாவம். அந்தப் பழக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தோம். பவுடர் அடியில் படுத்துத் தூங்கியது. தண்ணீர் அதே ரோஸ்.

பாய் வானத்தைப் பார்த்தார். "ஏம்பா! உப்புன்னா மாங்குமாங்குன்னு வேல பாக்குற, சாயம்னா வலிக்குதா?"

அதே ஆத்திரத்தில் லுங்கியை மடித்துக் கட்டிப் பாத்திக்குள் குதித்தார். முதலாளி, நான், சூரியன் என்று முறை வைத்துத் திட்டித் திட்டி மிதிக்க, அடியில் கிடந்த பவுடர் கலங்கி மேலே வந்து வெயில் பட்டது. சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டபோதுதான் குனிந்து பார்த்தோம். தண்ணீர் மோர் மாதிரி வெளுத்திருந்தது! பவுடர் போடாத பக்கத்துப் பாத்தி அப்படியே ரோஸ்.

வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பெரிய பாத்தி. நானும் மிதிக்க இறங்குகிறேன். அதில் உப்பு வெள்ளையாக விளையுமா, தெரியாது. அதுவரை பாயின் கோபம் மட்டும் தணிந்துவிடக் கூடாது. என்னை இவ்வளவு அக்கறையாகத் திட்ட இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?