நாகம் குடியிருந்த மூலை

அலுவிகாரை,
19.06.1994

மதிப்புக்குரிய மச்சான் முத்துவீரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நல்லம்மாவும் நானும் கல்யாணப் பெண் சந்திரகாந்தாவும் சுகம். யட்டவத்தையில் நீங்களும் சுகமாக இருக்க முருகன் துணை. மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு. மச்சான், நான் ஜெயித்துவிட்டேன்!

பொன்னையா தன் காணியில் தான் குடியிருக்கும் மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் வைத்துக்கொண்டு நடுத்துண்டை வீட்டோடு எனக்கு விற்றபோது, ஈசானிய மூலையில் ஒரு கல்லைக் காட்டி, “இங்க நாகம் குடியிருக்கு, மண்வெட்டி படக்கூடாது” என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லம்மா அந்தக் கல்லுக்குப் பால் ஊற்றி வந்தாள். போன மாதம் முகூர்த்தக்கால் நட நாள் பார்த்த ஐயர், நாகத்தின் பக்கத்திலேயே நட்டால் பெண்ணுக்கு விசேஷம் என்றார். கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, குழி தோண்ட இரும்பு அலவாங்கைப் போட்டேன். டொக் என்றது. அடுத்து வந்த நாற்றத்தில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பொன்னையா வீட்டுக் கக்கூஸ் குழாய்! என் காணிக்கு அடியால் போய் அவருடைய கீழ்த்துண்டுக் குழியில் விழுகிறது. காணி உறுதிப் பத்திரத்திலும் இல்லை, பிளானிலும் இல்லை. யுத்த காலமாக இருப்பதால், என்ன புதைக்கிறோம் என்று விசாரிக்க இரண்டு பொலிஸ்காரர்கள் வேறு வந்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் அடையாள அட்டைகூடக் கேட்காமல் போய்விட்டார்கள்.

மாத்தளையில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். விற்பனையை ரத்துச் செய்யலாம், விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கலாம், குழாயை எடுக்கச் சொல்லலாம், ஆனால் விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட வேண்டும், முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார். கல்யாணத்தை இந்த வீட்டு வாசலில்தான் நடத்துவேன் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டேனே, குழாயை எடுக்கத்தான் கேட்டேன்.

நேற்றுச் சபையில் பொன்னையா, குழாய் போவதே தெரியாது என்று சத்தியம் செய்யப் போனார். நான் எழுந்து, “அப்ப நாகம் இருக்குன்னு ஏன்ணே சொன்னீங்க?” என்று ஒரே கேள்விதான் கேட்டேன். மனுஷன் தடுமாறி, “வெட்டினா குழாய் ஒடஞ்சிருமேன்னுதான்...” என்று உளறிவிட்டார். தலைவரே சிரித்துவிட்டார்! குழாயை நாளைக்கே முழுவதும் தோண்டி எடுக்க வேண்டும், இரண்டு வீட்டுக் கழிவும் இனி ஒருபோதும் ஒன்று சேரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கடைசி வரி நானே சொல்லி எழுத வைத்தது. கணக்கப்பிள்ளையாக முப்பது வருஷம் இருந்தவனை ஏமாற்ற முடியுமா? வாய் பேசத் தெரியாதவன் என்று என்னைச் சொன்னீர்களே மச்சான், அது எனக்கு மறக்கவில்லை. இனி அந்த ஆளை அண்ணே என்று கூப்பிடவே மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிடவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
நடராஜா

பி.கு: செவ்வாய்க்கிழமை எழுதுவது. நேற்றுக் குழாயைத் தோண்டி எடுத்தார்கள். பாதி தூரத்தில் ஒரு கிளைக்குழாய் இருந்தது. அது நம் கக்கூஸிலிருந்து வந்தது. நம் வீட்டுக்குத் தனிக்குழி இருக்கிறது என்று விற்கும்போது பொன்னையா சொன்னதும் நாகத்தைப் போலத்தானாம். அவர் தன் வேலி ஓரமாகப் புதுக் குழாய் போட்டுவிட்டார். நம் குழாயையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். “நீங்கதானே சேரக்கூடாதுன்னு எழுத வச்சீங்க” என்று தாளைக் காட்டுகிறார். ஆகவே முதல் நாள் வர வேண்டாம். கல்யாணத்தன்றும் வீட்டிலேயே எல்லாம் முடித்துக்கொண்டு புறப்படவும். இப்போது எங்களுக்கும் பொன்னையா வீட்டுக் கக்கூஸ்தான், அதன் சாவியை அவர் இடுப்பில் வைத்திருக்கிறார். நேற்றிலிருந்து ஐந்து தடவை, “அண்ணே” என்று கூப்பிட்டுவிட்டேன்.