வால்வு அண்ணனும் மொட்டைமாடிச் சாவியும்

எங்கள் ஊர் கிள்ளானில் மழை பிடித்தால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். வால்வு அண்ணன் ஒருவர்தான் கக்கூசைப் பார்ப்பார். அதுவும் தன் வீட்டுக் கக்கூசை அல்ல, அடுத்தவர் வீட்டுக் கக்கூசை. அறுபது குடும்பங்களை ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டு, அந்த அறுபது குடும்பத்துக்காகவும் ஓடி ஓடி உழைத்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப்போவதில்லை.

எங்களுடையது லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஃபிளாட். ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, சரியான பள்ளத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் நிறையும். பம்ப் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து ஒரு பெரிய வால்வு வழியாக எல்லா வீட்டுக்கும் இறங்கும். இந்த பம்ப்பையும் வால்வையும் பார்த்துக்கொள்வதுதான் அண்ணனுக்கு வேலை. முன்பு குழாய் பதிக்கிற கான்ட்ராக்டரிடம் இருந்தவர். நான்காவது மாடியில் தனிக்கட்டை. குள்ள உருவம், முழங்கால்வரை மஞ்சள் ரப்பர் பூட்ஸ். வெயில் கொளுத்தினாலும் அதே பூட்ஸ்தான். கோயில் திருவிழாவுக்கும் அதைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் கழற்றிவைப்பார். அடையாளக் கார்டில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. ஃபிளாட் கமிட்டிச் செயலாளரான நானும் கேட்டதில்லை.

கக்கூஸ் விஷயத்துக்கு வருகிறேன். மழை கனத்து லோங்காங் என்கிற வெளிச் சாக்கடைக் கால்வாய் நிரம்பினால், சாக்கடைத் தண்ணீர் போன வழியே திரும்பி வந்து கீழ்வீட்டுக் கக்கூஸ்களில் பொங்கும். அதைத் தடுக்க அண்ணன் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கீழ்வீடுகளுக்குள் கேட்காமல் புகுந்து, கக்கூஸ் குழியில் அடைத்துவிட்டுப் போய்விடுவார். கீழ்வீட்டுச் சரோஜா அக்காவின் மகளைப் பெண் பார்க்கச் செந்தூலிலிருந்து ஆட்கள் வந்திருந்த அன்றும் அப்படித்தான் புகுந்தார். மாப்பிள்ளையின் மாமா உள்ளே போனவர், போன வேகத்திலேயே வெளியே வந்தார். கடைசியில் அந்தப் பெரிய மனிதர் இரண்டாவது மாடி ஏறி என் வீட்டுக்கு வரவேண்டியதாயிற்று. சரோஜா அக்கா வால்வு அண்ணனுக்குக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. அரை மணி நேரம் கழித்து, அண்ணனை உள்ளே விடாத பக்கத்து வீட்டில் சாக்கடை பொங்கி சோபாவரை வந்தது. சம்பந்தமும் முடிந்தது. ஆனால் கல்யாணப் பத்திரிகை அண்ணனுக்கு வரவில்லை.

அடுத்தது தண்ணீர் கட். இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பெருமழை பெய்தால் ஆறு சேறாகி, சுத்திகரிக்கிற இடத்தை மூடுவார்கள். மழையே இல்லாவிட்டால் ஆறு வற்றியது என்று மூடுவார்கள். முன்பெல்லாம் எப்போதோ ஒருமுறை வந்தது, இப்போது பண்டிகை மாதிரி வரிசையாக வருகிறது. நாளை கட் என்று கைத்தொலைபேசியில் மெசேஜ் வந்ததும் நாம் என்ன செய்வோம்? வீட்டிலுள்ள தோங் என்கிற பிளாஸ்டிக் பீப்பாய், வாளி, குண்டான், ஐஸ் பெட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். என் மனைவி ஒருமுறை ரைஸ் குக்கரிலும் பிடித்துவிட்டு, அன்று இரவு ரொட்டி வாங்கி வரச்சொன்னாள். அறுபது வீடும் இப்படிப் பிடித்தால், கட் ஆரம்பிப்பதற்கு முன்பே மேல்தொட்டி காலி.

அதனால் மெசேஜ் வந்த உடனே வால்வு அண்ணன் மொட்டைமாடிக்குப் போய் வால்வை மூடி, கதவைப் பூட்டிவிடுவார். பிறகு காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். அறுபது கதவையும் தட்டுவார். "பைப்ப மூடிட்டீங்களா? கைய வச்சுப் பாத்து சொல்லுங்க" என்பார். மூடியிருக்கிறது என்றாலும் நம்பமாட்டார், தலையை உள்ளே நீட்டிப் பார்ப்பார். திறந்திருந்தால் அந்த வீட்டுத் தலைவருக்கு மண்டகப்படிதான். குளித்துக்கொண்டிருந்தவர்களையும் துண்டோடு வாசலுக்கு வரவழைத்திருக்கிறார். புகார்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் ஆமாம் போட்டு அனுப்புவேன். மனிதருக்கு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற வியாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவருக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ளம் வந்தாலும் இந்த ஃபிளாட்டில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகக்கூடாது. கமிட்டியின் ஆண்டுக்கூட்டத்துக்கு ஒரு நீலக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்தது என்று கத்தியால் அதில் கோடு கிழித்திருந்தார். கோடுகள் மேலே மேலே ஏறிக்கொண்டே போயிருந்தன. தரையில் கிடக்கிற பம்ப்பை நெஞ்சு உயரத்துக்கு மேடை கட்டித் தூக்கி வைக்கவேண்டும் என்றார். யார் நெஞ்சு உயரம் என்று கேட்டார் தலைவர் பாய். பாய் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், ஆறடி ஆள். கூட்டம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு மோட்டார் சைக்கிள்களுக்குக் கூரை போடுவது என்று ஏகமனதாக முடிவு செய்தோம். மேடையைப் பற்றி நான் கூட்டக் குறிப்பில் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. படியில் பார்க்கும்போதெல்லாம், "கிராணியாரே, எழுதிட்டீங்கல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்பார். நான் பள்ளிக்கூட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. எழுத்தில் வந்துவிட்டால் காரியம் நடந்துவிடும் என்று நம்பினார், பாவம்.

வெள்ளம் ஒரு சனிக்கிழமை வந்தது. விடாமல் மழை, ஆறு நிரம்பி வழிகிற நேரத்தில் கடலும் ஏறிவிட்டது. மதியத்துக்குள் கார் நிறுத்துமிடத்தில் மார்பளவு தண்ணீர். மின்சாரம் போனது, பம்ப் முழுகியது. அதற்கு முன்பே அண்ணன் மொட்டைமாடி வால்வை மூடிவிட்டார். கீழ்வீட்டுக்காரர்களை மேலே ஏற்றினார். பாதிக் குடும்பங்களைப் படகில் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். படகில் ஏறப் பயந்த வயசானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும், மனைவியை மண்டபத்துக்கு அனுப்பிவிட்ட நானும் ஃபிளாட்டிலேயே தங்கினோம். மேலே இருப்பது சிக்கனமாகப் பிடித்தால் நாலு நாளைக்கு வரும் என்றார் அண்ணன்.

இனிமேல் எழுதுவது எனக்குக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலைத் தண்ணீர் விட்டு மூடியாகிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் பத்துப் பதினைந்து பேர் என் கதவு முன்னால் கூடிவிட்டார்கள். கக்கூஸ் நாறுகிறது, பிள்ளையைக் கழுவ முடியவில்லை, மேலே தொட்டி நிறைய வைத்துக்கொண்டு இந்த ஆள் நம்மைச் சாகடிக்கிறான், நீங்கள் செயலாளர்தானே என்று பிடித்துக்கொண்டார்கள். மொட்டைமாடிக் கதவுக்கு இரண்டாவது சாவி என்னிடம்தான் இருந்தது. செயலாளர்தானே என்ற சொல் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்று இப்போது தெரிகிறது. அண்ணன் கீழே யாரையோ தூக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து மேலே போனேன். அரை மணி நேரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வால்வைத் திறந்தேன்.

குழாயில் தண்ணீர் நின்றுபோகும்போது எங்கள் ஃபிளாட்டில் யாரும் பைப்பை மூடுவதில்லை. அடியில் ஒரு வாளியை வைத்துத் திறந்தே விட்டுவிடுவோம். தண்ணீர் வந்தால் சத்தம் கேட்குமே, ஓடி வந்து பிடிக்கலாமே என்ற கெட்டிக்காரத்தனம். மண்டபத்துக்குப் போன குடும்பங்களும் அப்படியே விட்டுத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அண்ணன் காலையில் திறந்தபோது, அந்த வீடுகளின் வாசல் மீட்டரை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுத் திறந்திருக்கிறார். வேலை முடிந்ததும் மீட்டர்களை மறுபடி திறந்து வைத்துவிட்டார், திரும்பி வருகிறவர்கள் திண்டாடக்கூடாதே என்று. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. நான் யார் கதவையும் தட்டவில்லை. ஆளில்லாத வீடுகளில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டி, லோங்காங்குக்குப் போய், வெள்ளத்தோடு சேர்ந்தது.

அரை மணி நேரம் மேலேயே காத்திருந்து, வால்வை மூடிவிட்டு நான் கீழே இறங்கிய கொஞ்ச நேரத்தில் அண்ணன் பூட்ஸ் தடதடக்க மேலே ஓடினார். நானும் ஒன்றும் தெரியாதவன்போல் பின்னால் போனேன். தொட்டியின் சுவரில் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். அடிவரை காலியான சத்தம்தான் கேட்டது. அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ தொறந்துட்டாங்க போலண்ணே" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து படியிறங்கிப் போனார்.

தண்ணீர் லோரி பெரிய ரோட்டுவரைதான் வந்தது, உள்ளே வரமுடியவில்லை. மீன் விற்கிறவர் வீட்டிலிருந்து பெரிய ஐஸ் பெட்டியை வாங்கி, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணன் இறங்கினார். பூட்ஸுக்குள் வெள்ளம் ஏறி இழுத்ததால் அதைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டார். வெள்ளத்தில் காலை வைத்த பிள்ளைகளை, எலி மூத்திரம், எலி மூத்திரம் என்று விரட்டிக்கொண்டிருந்த மனிதர், வெறுங்காலோடு சாக்கடை கலந்த அந்தத் தண்ணீரில் போனார். நானும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கப்போனேன்.

"ஒங்களுக்குச் சுகர் இருக்கு கிராணியாரே. கால்ல வெட்டுப்பட்டா ஆறாது. மேல நின்னு வாங்கி வைங்க."

திங்கள் சாயந்திரம்வரை போய்வந்துகொண்டே இருந்தார். எத்தனை நடை என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தோங்கையும் நான் வாங்கி வைத்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து மூடினேன். இரண்டாம் நாள் அவர் குதிகாலைத் துத்தநாகத் தகரம் கிழித்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் இறங்கினார்.

வெள்ளம் வடிந்தது. எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுவேலை வைத்துச் சேற்றை வாரினோம். அண்ணன்தான் முன்னால் நின்று எல்லாரையும் விரட்டினார். அடுத்த வாரம் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று பெனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கண் மஞ்சளான பிறகுதான் பாய் தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எலிக் காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம்வரை போய்விட்டது என்றார்கள்.

பார்க்கப் போனேன். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டாள். நான் முழித்தேன். பாய்க்குப் போன் போட்டால் அவரும், "வால்வுதானே?" என்கிறார், சேர்த்தபோது அண்ணனின் அடையாளக் கார்டைப் படிக்காமலே நீட்டினாராம். குட்டையாக இருப்பார், தண்ணீர் வேலை செய்கிறவர் என்று கையால் உயரம் காட்டிச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. வார்டில் பைப் சொட்டுகிறது, போய் மூடுங்கள் என்று தாதிகளைத் திட்டிக்கொண்டே இருக்கிறாரே, அந்த அங்கிளா என்று கேட்டாள்.

அவர்தான். உடம்பு பாதியாகக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு மொட்டமாடியத் தொறந்தது..."

"நீங்கதான்."

"தெரியுமாண்ணே?"

"சாவி ரெண்டுதானே கிராணியாரே. ஒண்ணு என் இடுப்புல இருந்துச்சு."

அன்றே ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டா ரோசத்துல சாவியத் திருப்பிக் குடுத்துருவீங்க. நான் இல்லாட்டி யாரு பாக்குறது? இவங்க பைப்ப மூடவே மாட்டாங்க லா." மூச்சு வாங்கியது. பிறகு, "நீங்க எத்தன தோங் புடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லண்ணே. நான் எறங்கி வர்றதுக்குள்ள எங்க வீட்டுல நின்னுபோச்சு."

சிரித்தார் பாருங்கள். இருமல் வந்து, தாதி ஓடிவந்து என்னைக் கடிந்துகொள்ளும்வரை சிரித்தார். மறுநாள் பார்வை நேரத்துக்கு நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

பம்ப்புக்கு மேடை கட்டினோம். நீலக் குழாயின் கடைசிக் கோட்டுக்கும் மேலே, பாயின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டினோம். சிமென்ட் குழைத்ததில் சரோஜா அக்காவும் ஒருத்தி. அவள் அழுதுகொண்டே குழைத்தாள். நான் செய்ததைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். திறக்கச் சொல்லி என் கதவு முன்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் வெள்ளம் வந்தது. தண்ணீர் மேடையின் பாதியோடு நின்றுவிட்டது. மின்சாரமும் போகவில்லை, பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லா வீட்டிலும் சோறு பொங்கினார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். அன்று எங்கள் ஃபிளாட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அண்ணன் வந்து என் கதவைத் தட்டி, தலையை உள்ளே நீட்டி, ஒருமுறை திட்டிவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.