கையெழுத்து விருந்து

வீடு வாங்கப் பதிவு அலுவலகம் வந்த செங்கல்வராயன், போட்டோ எடுப்பார்கள் என்று தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சார்பதிவாளர் பத்திரத்தை மூடி அவன் பக்கமே தள்ளினார்.

"இதைப் பதிய முடியாது."

"ஏன் சார்?"

"வீடு விக்கிறவரோட செத்துப்போன அப்பா பேர்ல இருக்கு. மகன் மட்டும் வந்து வித்தா எப்படி? ரெண்டு பொண்ணுங்களும் வாரிசுதான். அவங்களும் கையெழுத்துப் போடணும். உங்க வக்கீல் சொல்லலையா?"

செங்கல்வராயன் திரும்பிப் பார்த்தான். வக்கீல் நவநீதன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தார். ஸ்வீட் பாக்ஸோடு நின்றிருந்த மனைவி கலையரசி அதை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர் அவன். தோலில் ஊசிமுனை அளவுக்குப் பழுது இருந்தாலும் தடவியே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவான். கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். பேரணாம்பட்டில் ரிட்டயரான சீனிவாசன் தன் வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்த அன்றே, வாஷிங் மெஷினை எங்கே வைப்பது என்று கலையரசி முடிவு செய்துவிட்டாள்.

குடியாத்தத்தில் பூர்ணிமா என்ற வக்கீலம்மாவிடம் முதலில் அவனைக் கூட்டிப்போனதும் அவள்தான். அந்தம்மா மூலப்பத்திரத்தைக் கேட்டார், வாரிசுச் சான்றைக் கேட்டார், கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். "அவசரப்படாதீங்க. அந்தக் குடும்பத்தைப் பத்தி நானும் விசாரிக்கணும். கொஞ்ச நாள் ஆவும்" என்றார்.

"பேஜாரு கலை இந்தம்மா. அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு சொல்றதுக்கா ஃபீஸு?" என்று வெளியே வந்ததும் சொன்னான் செங்கல்வராயன்.

நவநீதன் கம்பெனி தோஸ்த் ஒருத்தன் காட்டிவிட்ட வக்கீல். டீ ஆறுவதற்குள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "க்ளியரா இருக்கு சார், வில்லங்கமே இல்ல" என்றார். அந்த வார்த்தை அவனுக்குத் தேனாக இனித்தது.

இப்போது பதிவு அலுவலக வாசலில் நின்று அதே நவநீதன் சொன்னார்: "சின்ன விஷயம் சார். ரெண்டு கையெழுத்து. நீங்களே ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்துடுங்க."

சீனிவாசன் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. "எனக்கும் தங்கச்சிங்களுக்கும் பேச்சு இல்ல தம்பி. அவளுங்களுக்குள்ளயும் பேச்சு இல்ல. நீங்க போனா ஒரு மரியாதையா இருக்கும்."

பெரிய தங்கை விஜயகுமாரி குடியாத்தத்தில் இருந்தாள். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடியது. அந்தச் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"கையெழுத்தா? சந்திரா போட்டா நானும் போடறேன். எங்கம்மாவோட இட்லி குண்டானை அவ எடுத்துட்டுப் போனாளே, முதல்ல அது எங்கன்னு கேளுங்க!"

சின்னவள் சந்திரா இருந்தது கலவை என்ற ஊரில். இரண்டு பஸ் மாறிப் போனான்.

"குண்டானா? அது ஓட்டைங்க! எடைக்குப் போட்டாச்சு. அதைப் போய் உங்ககிட்ட சொன்னாளா? நான் கையெழுத்து போட மாட்டேன், போங்க."

வரும் வழியில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. புதுசாக ஒரு இட்லி குண்டான் வாங்கிப்போய், சந்திரா கொடுத்தனுப்பியதாகச் சொல்லி விஜயகுமாரியிடம் நீட்டினான். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்டிக்கர் கூடக் கிழிக்கல. எனக்குப் புதுசு வாங்கித் தர அளவுக்கு அவ பெரிய ஆளா? இன்னா திமிரு!"

அவன் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அக்கா தங்கைக்குள் போனிலேயே பெரிய சண்டை ஆகிவிட்டது.

இதற்கிடையில் வாடகை வீட்டுக்காரர் பெயிண்டரை இறக்கிவிட்டார். காலி பண்ணுகிறோம் என்று செங்கல்வராயன்தான் முந்திக்கொண்டு சொல்லியிருந்தான். வாஷிங் மெஷின் கோணி சுற்றிக்கொண்டு வராண்டாவில் நின்றது. மகள் நித்யஸ்ரீ அதன்மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

"ஏங்க, பூர்ணிமா மேடத்துக்கு ஒரு போன் போடலாமா?" என்றாள் கலையரசி.

"எந்த முகத்தோட போடறது?"

நவநீதனுக்குப் போட்டான். "எல்லாரையும் ஒரே எடத்துல உக்கார வெச்சு பிரியாணி போடுங்க சார். கையெழுத்து தானா வரும்" என்றார் அவர். பிரியாணிக்கு வருவதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டிலேயே விருந்து. சிக்கன் பிரியாணி போட ஆம்பூரிலிருந்து மாஸ்டரைக் கூட்டி வந்திருந்தான். தங்கைகளை அழைத்து வரக் காரும் அனுப்பினான். விஜயகுமாரி கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், சந்திரா மேற்குச் சுவரை. நடுவில் சீனிவாசன். இலையில் பிரியாணி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சந்திரா சொன்னாள்: "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் கத்திரிக்கா வைங்க. அதுக்கு ரொம்பப் பிடிக்கும்."

விஜயகுமாரி பொலபொலவென்று அழுதுவிட்டாள். சந்திரா எழுந்து போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். சீனிவாசன் எச்சில் கையோடு இருவர் தலையையும் தொட்டார். கலையரசிக்கும் கண் கலங்கியது. "எவ்ளோ நல்ல மனுஷங்க, பாருங்க."

செங்கல்வராயன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினான்.

சீனிவாசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இனிமே எப்படி விப்பேன்? என் தங்கச்சிங்க வந்து போற வீடாச்சே. நீங்க குடுத்த அட்வான்ஸ் பீரோல அப்படியே இருக்கு, எடுத்தாரேன். தப்பா நினைக்காதீங்க."

நவநீதன் இரண்டாவது முறை பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தார். "ஃபேமிலி சென்டிமென்ட் சார். சட்டத்துல அதுக்கு வழியில்ல" என்றார்.

செங்கல்வராயனும் கலையரசியும் பின்கட்டுக்கு வந்து நின்றார்கள். உள்ளே மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. குழாயடிக்குப் பக்கத்தில் தான் மனசுக்குள் குறித்து வைத்திருந்த இடத்தைக் கலையரசி ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த வக்கீலம்மா பேச்சைக் கேட்டிருக்கணும் கலை. நான்தான் எல்லாத்தையும் கெடுத்தேன்."

"விடுங்க. வேற வீடு பாக்கலாம்." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"போகட்டும்" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "வீடு போனாலும், பிரிஞ்சிருந்த குடும்பத்தைச் சேத்து வெச்சோம். நம்மாலதானே நடந்துச்சு?"

குழாயடியில் தேக்சா கழுவிக்கொண்டிருந்த பிரியாணி மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"மனச விட்றாதீங்க சார், போன வருஷம் இந்த வீட்டை வாங்க வந்தவரு என்னைக் கூட்டியாந்து இவங்க மூணு பேருக்கும் மட்டன் பிரியாணியே போட்டாரு."