இவருக்குக் கோபம் வருவதில்லை

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர், ஆகஸ்ட் 1961

மதிப்புக்குரிய பூவம்மா அக்காவுக்கு, தங்கை ரத்தினம்மா கைகூப்பி எழுதுவது. ஈப்போவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் மகள் சுந்தரியும் ஏதோ சுமாரான சுகம். என் வீட்டுக்காரர் மட்டும் அளவுக்கு மீறிய சுகம். அதைச் சொல்லி அழத்தான் இக்கடிதம்.

ஜாலான் புசார் இரும்புக் கடையில் முதலாளி தவுக்கே திட்டுகிற திட்டையெல்லாம் இவர் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டுவது உனக்குத் தெரிந்ததே. ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதும் மனுஷர் பயந்துபோய், கோயில் மண்டபத்தில் யாரோ சொல்லித்தருகிற மூச்சுப் பயிற்சியில் சேர்ந்துகொண்டார். ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் இழுக்க வேண்டும், உள்ளே நிறுத்த வேண்டும், பிறகு மெல்ல விட வேண்டும். மனத்துக்கு ஒவ்வாதது எது நடந்தாலும் அந்த இடத்திலேயே செய்யலாமாம். இவருக்கு ஒவ்வாதது எது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? எல்லாமே ஒவ்வாது. ஆகவே நாள் முழுக்க மூக்கும் கையுமாகவே இருக்கிறார்.

போன வாரம் சமையற்கட்டில் கூரை ஒழுகி அடுப்பு அணைந்துவிட்டது. வாடகை வாங்க வந்த மருதப்பனிடம் கேளுங்கள் என்று இவரிடம் சொன்னேன். அவன் "அடுத்த மாசம் பாத்துக்கலாம் லா" என்றான். இவர் கண்ணை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் யார் கத்துவது? நான்தான் கத்தினேன். மறுநாளே ஓடு மாற்றினார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஜைனப் என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணன் எவ்ளோ பொறுமை! நீங்கதான்க்கா எப்பப் பாத்தாலும் சத்தம் போடுறீங்க." இருபத்திரண்டு வருஷம் இவர் போட்ட சத்தம் ஒருத்தி காதிலும் விழவில்லை.

அதுகூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை தம் மகனுக்குச் சுந்தரியைப் பெண் பார்க்க நேவல் பேஸிலிருந்து வேலாயுதம் குடும்பத்தோடு வந்தார். பையன் தங்கமானவன். சுந்தரி முதல் நாளே அப்பாவிடம், "டீச்சர் வேலைய விட மாட்டேன், நீங்கதான் சொல்லணும்ப்பா" என்று கண் கலங்கினாள். இவரும் சொல்கிறேன் என்று தலையாட்டினார். கேசரி வைத்தேன். வேலாயுதம் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போறது நம்ம வீட்டுல வழக்கமில்ல. நீங்க என்ன சொல்றீங்க சேதுபதி?" என்று இவரைக் கேட்டார்.

இவர் மூக்கைப் பிடித்தார் அக்கா! எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு உள்ளே போனது, வெளியே வருகிற வழியைக் காணோம். வேலாயுதமோ, "அப்ப சரின்னு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கதவோரம் நின்ற சுந்தரியின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. "சரியில்லீங்க. எம்பொண்ணு வேலைக்குப் போவா" என்றேன். "இந்த வீட்டுல யாரு பேசுறாங்கன்னே தெரியலியே" என்று வேலாயுதம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர்கள் படியிறங்கிய பிறகு இவர் மெல்ல மூச்சை விட்டு, "என்ன, போயிட்டாங்களா?" என்கிறார்.

வந்த சம்பந்தத்தை நான் வாயால் கெடுத்தேன் என்று தெருவே சொல்கிறது. இவர் மகானாம். அதனால் அக்கா, அத்தானை எப்படியாவது ஒரு தடவை அனுப்பி வை. அவரைக் கண்டால் இவருக்குப் பழைய கோபம் கண்டிப்பாகத் திரும்பிவிடும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியில்லாமல், முக்கியமாக வாயைத் திறந்து பேசுகிறவர்களாக வளர என் ஆசி.

உன் தங்கை,
ரத்தினம்மா

பி.கு.: தபால் தலை இல்லாமல் இது கிடந்தது நல்லதாய்ப் போயிற்று. வேலாயுதத்தின் சம்சாரம் தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல அவரு பேசி முடிச்சாத்தானே நாங்க பேசறதுக்கு? உங்க வீட்டுக்காரரு செய்றாரே, அத எங்காளுக்கும் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க. பொண்ணு தாராளமா வேலைக்குப் போகட்டும்" என்றாள். ரத்தக் கொதிப்பு என்று பயங்காட்டி வேலாயுதத்தையும் அழைத்து வந்துவிட்டாள். அத்தானை அனுப்பவே அனுப்பாதே. இப்போது கூடத்தில் சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் முகூர்த்தத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.