வெள்ளைச்சிக்கு ஒரு பேப்பர்க் கன்று

சேசு மரி சூசை துணை

நெடுந்தீவு,
17.2.1974

அன்புள்ள தம்பி சூசைப்பிள்ளைக்கு, அண்ணன் குருசுமுத்து எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் நாங்கள் சுகம். கொழும்பில் நீயும் மாக்கிறேற்றும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

நீ அனுப்பிய பழைய பேப்பர்க் கட்டு வந்து சேர்ந்தது. தம்பி, எனக்குப் பெரிய சந்தோசம்! பென்சன் எடுத்த நாள் தொட்டு நான் பேப்பரில் மிருகங்கள் செய்வதைப் பார்த்து நீயும் சிரித்தாய். நத்தார்ப் பண்டிகைக்குச் செய்த ஆமையை என்ரை மனுசி, உன் மச்சாள் மதலேனா சோற்றுப் பானைக்கு மூடியாகக் கவிழ்த்தாள். "கண்டறியாத ஆமையும் நீங்களும்!" என்று பேச்சு விழுந்தது எனக்கு. இனி ஒருத்தரும் சிரிக்க ஏலாது. எனக்கு ஒரு மாடு சாட்சி.

நடந்தது இதுதான். எங்கள் வெள்ளைச்சி போட்ட கன்று ஒன்பதாம் நாள் செத்துப்போயிற்று. வழமையில் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, தாய்க்கு முன்னால் நிறுத்துவார்கள். அதை நக்கிக்கொண்டே பால் விடும். நானோ மனம் கேளாமல் தோலோடு மண்ணில் தாட்டுவிட்டேன். அடுத்த நாள் கறக்கப் போன மதலேனாவுக்கு ஒரு உதை, செம்புக்கு ஒரு உதை. நாலு நாளும் இதே கதை. "ஞாயிறு பூசை முடிய இறைச்சிக்காரனைக் கூப்பிட்டு மாட்டைக் குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். தம்பி, அந்தச் சீவன் என்ன பாவம் செய்தது? உடனே பனை ஈர்க்கில் கூடு கட்டி, உன்ரை பேப்பரைக் கோதுமை மாப் பசையில் தோய்த்துத் தோய்த்து ஒட்டினேன். பூச்சி அரிக்காமல் பசைக்குள் இரண்டு பிடி உப்பு. மண்ணிறச் சாயம் இல்லை, மயிர் மாதிரித் தெரியட்டும் என்று மேலே தவிடு அப்பினேன். கண்ணுக்கு, நான் வேலைக்குப் போட்ட கந்தோர்க் கோட்டின் பொத்தான் இரண்டு. பின்னங்கால் கொஞ்சம் நாய்க்கால் மாதிரி வந்துவிட்டது, அதை விடு. நேற்றுக் காலமை கொண்டுபோய் நிறுத்தினேன். வெள்ளைச்சி பார்த்தது. மணந்து பார்த்தது. பிறகு ஒரு நக்கு நக்கிச்சுது பார், என்ரை அந்தோனியாரே! நக்க நக்க மடி சுரந்து, மதலேனா இரண்டு போத்தல் கறந்தாள். "இஞ்சேருங்கோ, மெய்யாய் தன்ரை கன்றெண்டெல்லே நினைச்சிட்டுது!" என்றாள். சொன்னது ஆர்? ஆமையைக் கவிழ்த்தவள்! பெற்ற தாயே ஏற்றுக்கொண்டால் வேறென்ன பரிசு வேண்டும்?

பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உங்கள் வாசலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாட்டாலேயே மெச்சப்பட்ட அண்ணன்,
குருசுமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் மாட்டுக் கொட்டிலில் சத்தம் கேட்டு ஓடினேன். கன்று இல்லை. தலையிலிருந்து வால்வரை தின்று முடித்து, பொத்தான் இரண்டையும் துப்பி வைத்திருக்கிறது வெள்ளைச்சி. "தாய் பிள்ளையைத் தின்னுமே? உப்புக்கும் தவிட்டுக்கும்தான் நக்கினது!" என்று மதலேனா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியென்றால் தவிடே போதுமென்று, பின்னேரம் சட்டியில் உப்பும் தவிடும் கலந்து வைத்துவிட்டுக் கறக்கக் குந்தினாள். சட்டிக்கும் உதை, அவளுக்கும் உதை. "இறைச்சிக்காரனைக் கூப்பிடட்டே?" என்று கேட்டேன். போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். அடுத்த வள்ளத்தில் பேப்பர் அனுப்பு, கட்டு பெரிதாய் இருக்கட்டும். மதலேனா மிச்சப் பேப்பரில் புதுக் கன்றுக்குக் காது வெட்டிக்கொண்டிருக்கிறாள்.