லிடியாவின் தாயைத் தொலைத்துவிட்டு வந்த நான்

ஒவ்வொருவருக்கும் ஒரு தலைக்கனம் இருக்கும். என்னுடையது ஆங்கிலம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். (பரிசு, ஒரு பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டி.) அந்தத் தலைக்கனம் இறங்கிய கதை இது.

மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டொறதி. எண்பது தாண்டிய, தனியாக இருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. நான் கனடாவுக்கு வந்த புதிதில் மூன்று தரம் ஓட்டுநர் சோதனையில் தோற்றபோது, தன்னுடைய காரையே தந்து ஓட்டப் பழக்கியவர். அந்தக் காரை அவருடைய வீட்டு வேலியிலேயே கொண்டுபோய் இடித்தேன். எப்படியும் மாற்ற வேண்டிய வேலிதான் என்றார். நான்காம் தரம் தேறினேன்.

அவருக்கு ஒரு தவிப்பு இருந்தது. அவருடைய பூட்டி, அதாவது கொள்ளுப்பாட்டி, லிடியா, நியூயோர்க் மாநிலத்தின் வடக்கே ஒரு பண்ணையில் பிறந்து, கல்யாணம் முடித்து ஒன்ராறியோ வந்தவர். லிடியாவின் தாய் யாரென்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. பழைய கல்யாணப் பதிவேடு அந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது, நேரில் வந்துதான் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. டொறதிக்கோ அடுத்த கிழமை இடுப்பில் ஒப்பரேசன். அதற்கு முன் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரை எடுக்கும்போது என் கணவர் கேட்டார்: "உமக்கு உம்மட பூட்டியின்ர பேர் தெரியுமோ?"

தெரியாது. வெகுதூரம் வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லையில் அதிகாரி, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். லிடியாவை என்றேன். அவருக்கு வயது? மனதுக்குள் கூட்டிப் பார்த்து, நூற்றறுபதுக்கு மேலே என்றேன். (உண்மையைத்தானே சொன்னேன்.) அதிகாரி என் கணவரைப் பார்த்தார். தனக்கு அந்த அம்மாவைத் தெரியாது, மனைவிக்குத்தான் பழக்கம் என்று அவர் கைகழுவினார்.

ஒன்றரை மணித்தியாலம் உள்ளே இருத்தி வைத்தார்கள். கடைசியில் டொறதிக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார்கள். பாஸ்போட்டைத் திருப்பித் தரும்போது அதிகாரி சொன்னார், நீங்கள் தன்னுடைய குடும்பம் என்று அந்த அம்மா சொல்கிறார் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதைக் கண்டு திரும்பவும் கூப்பிடப் போகிறார்கள் என்று கணவர் என்னை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

ஊர் அலுவலகம் பூட்டக் கால் மணி நேரம் இருந்தது. அங்கிருந்த பெண் பதிவேட்டை விரித்து வைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போனாள். லிடியாவின் பெயர் இருந்தது. தகப்பனின் பெயர் இருந்தது. தாயின் பெயருக்கான இடத்தில் ஒரே ஒரு சொல்: 'தாங்க்ஃபுல்'.

பரிசு வாங்கிய ஆங்கிலம் உடனே வேலை செய்தது. தாயின் பெயர் கிடைக்காததால் எழுதியவர் 'நன்றியுடன்' என்று மரியாதையாக முடித்திருக்கிறார் என்று கணவருக்கு விளக்கம் சொன்னேன். அந்தக் காலத்து மனிதரின் பண்பை வேறு மெச்சினேன்.

"வந்ததுக்கு ஒரு படமாவது எடுப்பம்" என்று அவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார்.

அடுத்த நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டொறதியிடம் போனேன். தாயின் பெயர் எழுதப்படவில்லை, நன்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பாவம், தாங்க முடியவில்லை என்று நான் முதுகைத் தடவிவிட்டேன்.

பார்த்தால், சிரிக்கிறார்.

"அதுதான் அவருடைய பெயர்" என்றார்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களில் பெண் பிள்ளைகளுக்கு அப்படியும் பெயர் வைப்பார்களாம். நன்றியுள்ளவள். ஒரு நாள் முழுக்கத் தேடி, அந்தத் தாயைக் கண்டுபிடித்து, அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. டொறதி என் கையைப் பிடித்து, அந்தப் பெயரை மெதுவாக இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் உண்மையாக அழுதார்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊன்றுபொல்லுகூட இல்லாமல் நடக்கிறார். எங்கள் வீட்டில் யாராவது 'தாங்க்ஸ்' என்று வாய் திறந்தால் போதும், "ஆற்ற அம்மா?" என்று மகள் கேட்கிறாள். (யாருடைய அம்மா என்று அர்த்தம்.) அந்த இரண்டு சொல்லையும் டொறதியும் பாடமாக்கிவிட்டார். போன மாதம் அவர் தந்த அப்பிள் கேக்குக்கு நன்றி சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கேள்வி வந்தது.